காத்திருக்கும் கை

சக்கரம் தரையைத் தொட்டதும் பின்னால் பயணிகள் கைதட்டினார்கள். மூடிய காக்பிட் கதவைத் தாண்டி வரும்போது அது யாரோ பக்கத்து அறையில் அப்பளம் நொறுக்குவது மாதிரி மெலிதாகத்தான் கேட்கும். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டாலே கேப்டன் அருள்விழிக்கு உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கிவிடும். இப்போது இறக்கியது நானா, பெரியப்பாவா?

"பட்டு மாதிரி இறக்கிட்டீங்க மேடம்," என்றான் பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானி தன்வந்த்.

"நான்தான் இறக்கினேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தன்வந்த் சிரித்தான். விமானிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பழைய கிண்டல் அது. அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சட்டென்று டேப்லெட்டை எடுத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு நிரப்பவேண்டிய படிவத்தைத் திறந்தான். 'தரையிறக்கியவர்' என்ற கட்டத்தில் வழக்கம்போல அவள் பெயரைப் போட்டான்.

பெரியப்பா என்று அவர்கள் பெயர் வைத்திருந்தது விமானத்தை ஓட்டும் இயந்திரத்துக்கு. கூடத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார், எல்லோரையும் பேசவிடுவார், கடைசியில் நடப்பது மட்டும் அவர் நினைத்ததாகத்தான் இருக்கும். அப்படி ஒருவர் எந்தக் குடும்பத்தில்தான் இல்லை? பெயர் வைத்தவன் யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த விமானம் மறுநாள் மாலைதான் திரும்பும். மற்றவர்கள் ஹோட்டலில் தூங்குவார்கள், இல்லையென்றால் மக்ரூன் வாங்கப் போவார்கள். அருள்விழியால் உட்கார முடியாது. அறைக்குள்ளேயே நடப்பாள், ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள், விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பாள். நாற்பது வயதில் இதென்ன பரபரப்பு என்று அவளுக்கே எரிச்சலாக இருக்கும். இரண்டு வாரமாக அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சனிக்கிழமை விடிந்ததும் ஒரு காரை எடுத்துக்கொண்டு கயத்தாறுக்குப் போய்விடுவாள்.

கயத்தாறில், கரிசல் காட்டுக்கும் காற்றாலைகளுக்கும் நடுவே, ஒரு சின்ன ஓடுதளமும் தகரக் கொட்டகையும் இரண்டு பேர் உட்காரும் விமானமும் இருந்தன. விமானத்துக்கு உள்ளே ஆட்டோ அளவுதான் இடம். சொல்லிக்கொடுப்பவன் பெயர் ரீகன். அவளைவிடப் பதின்மூன்று வயது இளையவன்.

"மேடம், கால் தூங்குது," என்றான் முதல் வாரமே. "மூக்கு இடது பக்கம் ஓடுது பாருங்க. வலது கால்! வலது கால்!"

பத்து வருஷத்தில் அவள் கால்களுக்குப் பெரிதாக வேலை வந்ததில்லை. பெரிய விமானத்தில் பெடல்களின் மேல் பாதங்களை வைத்திருப்பாள், அவ்வளவுதான். இந்த வண்டி அப்படி விடவில்லை. காலை மறந்தால் பக்கவாட்டில் இழுத்தது. வெயில் ஏறினால் தூக்கிப்போட்டது. ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடித்தது, பெட்ரோல் வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை ஓடுதளத்தில் மயில் நின்றுகொண்டு நகரவே மாட்டேன் என்றது. மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரவேண்டியதாயிற்று. நூற்று எண்பத்தாறு பேரைச் சுமந்துகொண்டு மேகத்துக்கு மேலே போகும்போது கிடைக்காத ஏதோ ஒன்று அந்த ஒரு சுற்றில் அவளுக்குக் கிடைத்தது. அன்று ஹோட்டலுக்குத் திரும்பிக் குழந்தை மாதிரி தூங்கினாள்.

மூன்றாவது சனிக்கிழமை அந்த நிம்மதியும் போயிற்று.

தரையிறங்க வந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஓடுதளம் விரிந்து மேலே வந்தது. அதைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஸ்டிக் என்ற கைப்பிடியை இழுத்து மூக்கை நிமிர்த்தவேண்டும், இல்லாவிட்டால் விமானம் மூக்கால் முட்டும். தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது ரீகன் "என் கை!" என்று கத்தி, விமானத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு ஸ்டிக்கைப் பிடித்து இழுத்தான். விமானம் மூக்கை நிமிர்த்தி, ஒரு குதி குதித்து, உட்கார்ந்தது.

கொட்டகைக்கு வந்து எஞ்சினை அணைத்த பிறகும் அவன் இறங்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கிட மாட்டீங்களே?"

"கேளுங்க ரீகன்."

"ஓய்வு பெற்ற பெரிய விமானக் கேப்டன்மாருங்க நெறைய பேரு இங்க வாராங்க. அத்தன பேரும் ஒரே தப்பத்தான் செய்வாங்க. ரொம்ப உயரத்துலயே மூக்க நிமித்திருவாங்க. ஏன்னா அவங்க கண்ணு ரெண்டாவது மாடி உயரத்துலருந்து தரையப் பாத்துப் பழகுன கண்ணு. இங்க நாம ஸ்டூல்ல உக்காந்த உயரத்துல இருக்கோம். தரை இன்னும் கீழ கெடக்கும்போதே, வந்துட்டுன்னு அவங்களுக்குத் தோணிரும். அது நல்ல தப்பு, நாலு தடவ ஓட்டுனா சரியாயிரும்."

"நானும் அதே தப்பைத்தான் பண்றேனா?"

"இல்ல. நீங்க நிமித்தவே இல்ல. மூணு வாரமா பாக்கேன். முதல்ல கூச்சம்னு நெனச்சேன். உங்க கையப் பாத்துக்கிட்டே வந்தேன் இன்னைக்கு. ஸ்டிக்க நல்லாத்தான் பிடிச்சிருக்கு. ஆனா காத்திருக்கு." ரீகன் தயங்கினான். "யாருக்காவ மேடம் காத்திருக்கீங்க?"

மழுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"எங்க கம்பெனியில விமானம் தானாவே இறங்கும், தெரியுமா? மனுஷங்களைவிட நல்லா இறங்கும். ஆனா முன்னாடி ஆள் இல்லைன்னா யாரும் ஏற மாட்டாங்க. அந்த ஆளுக்கும் கை பழக்கம் விட்டுப்போயிடக் கூடாது. இயந்திரம் என்னிக்காவது படுத்துட்டா எடுத்து ஓட்டத்தானே எங்களுக்குச் சம்பளம். அதனால ஓர் ஏற்பாடு பண்ணாங்க. ஒவ்வொரு தடவையும் நாங்க கையாலதான் இறக்குவோம். ஆனா எங்க ஸ்டிக் விமானத்தோட சேர்ந்திருக்கா இல்லையான்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. பத்துல மூணு தடவை எங்க கை. மிச்சம் ஏழு பெரியப்பா கை, அதாவது அந்த இயந்திரத்தோட கை."

"சொன்னா என்னவாம்?"

"சேரலைன்னு தெரிஞ்சா கை அசட்டையாயிடும். அதனால எல்லாத் தடவையும் உசிரைக் கொடுத்து ஓட்டணும்."

"நீங்க ஒரு பக்கம் இழுத்து அது வேற பக்கம் போனா தெரிஞ்சிருமே?"

"எப்படிப் போகும்? ரெண்டு பேரும் ஓடுதளத்தோட நடுக்கோட்டுக்குத்தானே ஆசைப்படறோம். காத்து இடது பக்கம் தள்ளினா நானும் வலது பக்கம் திருப்புவேன், அதுவும் திருப்பும். யார் திருப்பினாங்கன்னு எப்படித் தெரியும்?"

ரீகன் தன் கையை ஸ்டிக்கின் மேல் வைத்துப் பார்த்தான்.

"கைக்குத் தெரிஞ்சிருக்கு மேடம்," என்றான். "மூக்கு தானா எந்திரிக்கும், அதுக்கப்புறம் நாம இழுத்தாப் போதும்னு அது படிச்சு வச்சிருக்கு. பத்துல மூணு தடவை நெசமாவே இறக்குன கை இப்படிக் காத்துக்கிட்டு இருக்காது."

அவன் குரலில் இரக்கம் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தூத்துக்குடிக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட் மாதம் திரும்பத் திரும்ப வந்தது. பனிமய மாதா திருவிழா நேரம். ஓடுதளத்துக்குக் குறுக்கே அப்படி ஒரு காற்று. விமானம் நண்டு மாதிரி பக்கவாட்டாக இறங்கி, கடைசி நொடியில் நேராகத் திரும்பி உட்கார்ந்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான ஸ்டெல்லா என்ற பெண் இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறந்த பெண் குழந்தைக்கு அருள்விழி என்றே பெயர் வைத்தாள். பத்திரிகையில் படம் வந்தது, கம்பெனி விருது கொடுத்தது. இன்றைக்கும் ஸ்டெல்லா ஒவ்வோர் ஆகஸ்டிலும் எந்த விமானத்தில் அருள்விழி வருகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதில்தான் திருவிழாவுக்கு வருவாள்.

அந்தக் காற்றில் போயா பெரியப்பா அவள் கையில் கொடுத்திருப்பார்?

உண்மையைத் தெரிந்துகொள்ள மிகச் சுலபமான வழி ஒன்று உண்டு. தரையிறங்கும்போது கையை எடுத்துவிட்டால் போதும். விமானம் தானாக இறங்கினால் கை சேரவில்லை என்று அர்த்தம். இறங்காவிட்டால் நூற்று எண்பத்தாறு பேர் போய்ச் சேருவார்கள். எந்த விமானியும் அந்தச் சோதனையைச் செய்து பார்க்க மாட்டான். கம்பெனி தனியாக ஒரு பூட்டும் போடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. விமானிகளின் மனசாட்சியைக் கொண்டே ரகசியத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். இதை நினைத்தபோது அவளுக்கு வந்த கோபத்தில் வல்லநாட்டுப் பக்கம் காரை ஓரமாக நிறுத்தவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை சென்னையில் கேப்டன் நீலமேகத்தின் அறைக்குப் போனாள். கம்பெனியின் விமானிகள் அனைவருக்கும் தலைவர் அவர். பெரியப்பா வருவதற்கு முன்னால் இருபது வருஷம் கையால் மட்டுமே இறக்கியவர்.

"பத்துக்கு மூணு உங்களோடது அருள்விழி. ஒப்பந்தத்துலயே இருக்கு," என்றார் பொறுமையாக.

"அந்த வரியை நான் பாக்கலாமா சார்?"

அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். பாதுகாப்பு அனுமதிக்கும் நிலையில், பத்தில் மூன்று வரை, என்றிருந்தது.

"அனுமதிக்கறது யாரு சார்?"

"சிஸ்டம்தான். அந்த நேரத்துல யார் இறக்கினா பாதுகாப்புன்னு அதுவே கணிக்கும்."

"தன்னைவிட நான் நல்லா இறக்குவேன்னு அது என்னிக்காவது கணிக்குமா?"

நீலமேகம் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கயத்தாறு விஷயத்தைச் சொன்னாள். கை காத்திருக்கிறது என்று சொன்னபோது அவர் தன்னுடைய வலது கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை தடவை எங்க கை சேர்ந்துச்சுன்னு பதிவு இருக்கும்ல சார்?"

"சிஸ்டத்தைத் தயாரிச்சவங்க அதை எங்களுக்குக் காட்டறதில்லை. எனக்கும் தெரியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதோ பாருங்க, படிவத்துல மட்டும் ஏடாகூடமா எதையும் எழுதிடாதீங்க. தொண்ணூறு நாள்ல மூணு தடவை தரையிறக்காத விமானி ஓட்டக் கூடாதுங்கறது சட்டம். நீங்க ஒருத்தர் சந்தேகத்தை எழுதினா நானூறு பேர் தரையில உக்காரணும். நீங்கதான் முதல்ல."

"பெரியப்பா ஒருநாள் படுத்துட்டா என்ன சார் பண்றது?"

"இதுவரைக்கும் படுத்ததில்லையே."

இதற்கு மேல் பேசிப் புண்ணியமில்லை என்று அவள் எழுந்தாள். கதவருகே போனபோது அவர் கூப்பிட்டார்.

"அந்த ஊர்ப் பேர் என்ன சொன்னீங்க, கயத்தாறா? சனிக்கிழமை தவிர மத்த நாள்லயும் இருப்பாங்களா?"

அதன் பிறகு அருள்விழி ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. ரீகன் அவளை மேலே ஏற்றுவதும் இறக்குவதுமாகப் பிழிந்தெடுத்தான். விமானம் தொப்பென்று விழுந்தது, தவளை மாதிரி தத்தியது, ஒருமுறை ஓடுதளத்தைவிட்டுக் கரிசலுக்குள்ளேயே போய் நின்றது. ஜூன் மாதக் கடைசியில் ஒரு காலை, யாருக்காகவும் காத்திருக்காமல் அவள் கை தானாக எழுந்தது. மூக்கு அந்தக் கையோடு சேர்ந்து எழுந்தது. இறங்கியது அப்படி ஒன்றும் அழகாக இல்லை. இருந்தும் அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். ரீகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

தேநீர் குடிக்கும்போதுதான் அவன் சொன்னான்.

"புதன்கிழமை உங்க கம்பெனிப் பெரியவர் ஒருத்தர் வந்தாரு மேடம். நீலமேகம்னு பேரு. பழைய ஆளு, உயரத்துலயே நிமித்திருவாருன்னு நான் தயாரா இருந்தேன்."

"நிமிர்த்தினாரா?"

"இல்ல. அவரும் காத்திருந்தாரு. இறங்கி ரொம்ப நேரம் றெக்கையப் பிடிச்சிக்கிட்டே நின்னாரு."

இருபது வருஷப் பழக்கத்தையே பெரியப்பா தின்று தீர்த்திருந்தார். அருள்விழி தேநீரைக் கீழே வைத்துவிட்டாள்.

ஜூலை முதல் வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் இறங்கும்போதுதான் அது நடந்தது. பெரிய விமானத்தில் தரை நெருங்க நெருங்க எத்தனை அடி உயரம் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும். ஐம்பது, நாற்பது, முப்பது. முப்பதில் மூக்கை நிமிர்த்தத் தொடங்கவேண்டும் என்பது பாடம். அவள் கை, புதிதாகக் கற்ற கை, முப்பதில் இழுத்தது. மூக்கு எழவில்லை. ஒரே ஒரு கணம். இருபது என்று குரல் சொன்ன பிறகு, தனக்குத் தோன்றிய நேரத்தில், மூக்கு எழுந்தது. பின்னால் கைதட்டினார்கள்.

இப்படி ஒரு வழி இருக்கிறதென்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கையை எடுக்கவேண்டியதில்லை, யார் உயிரோடும் விளையாடவேண்டியதில்லை. ஒழுங்காக, பாடத்தில் சொன்னபடி இறக்கினாலே போதும். இத்தனை காலமும் மூக்கு எழுந்த பிறகே எழுந்துகொண்டிருந்த கை இப்போது அதற்கு முன்பே எழுகிறது. நடுவில் இருக்கும் இடைவெளி அதற்குத் தெரிகிறது.

ஒன்றை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. பத்துக்கு மூன்று என்றுதானே சொன்னார்கள், பத்து வரை பார்ப்போம் என்று வைராக்கியமாக இருந்தாள். சென்னை, மதுரை, திருச்சி, மறுபடி தூத்துக்குடி. ஒவ்வொரு முறையும் முப்பதில் கை எழும், இருபதில் மூக்கு எழும். ஒவ்வொரு முறையும் இதுவாவது என்னுடையதாக இருக்கக்கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். சாப்பாடு பிடிக்கவில்லை. வீட்டில் யாராவது பேசினால் பாதி காதில் விழவில்லை. ஒன்பதும் போயிற்று.

பத்தாவது, ஆகஸ்ட் நான்காம் தேதி, மாதா திருவிழாவின் முக்கிய நாளுக்கு முந்தைய நாள். பன்னிரண்டாம் வரிசையில் ஸ்டெல்லாவும் ஐந்து வயது அருள்விழியும் உட்கார்ந்திருந்தார்கள்.

காற்று குறுக்கே அடித்தது, ஆறு வருஷத்துக்கு முன்பு போலவே. ஆனால் அவள் கால்கள் இப்போது தூங்கவில்லை. ஓடுதளம் சாய்ந்து சாய்ந்து வந்தது.

"ஐம்பது," என்றது குரல். "நாற்பது."

இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை என்று அவள் வாய்விட்டே சொன்னாள். தன்வந்த் திரும்பிப் பார்த்தான்.

"முப்பது."

அவள் இழுத்தாள். கால் அழுத்தியது. எல்லாம் சரியாக, ரீகன் பார்த்தால் மெச்சிக்கொள்ளும் அளவுக்குச் சரியாகச் செய்தாள்.

மூக்கு எழவில்லை.

"இருபது," என்ற பிறகு பெரியப்பா மெதுவாக மூக்கை நிமிர்த்தி, காற்றுக்கு எதிராக நேராகத் திருப்பி, பூவை வைப்பது மாதிரி விமானத்தைத் தரையில் வைத்தார். பின்னால் கைதட்டலோடு யாரோ விசிலும் அடித்தார்கள்.

எஞ்சின்கள் நின்றதும் தன்வந்த் டேப்லெட்டை எடுத்தான். "இந்தக் காத்துல எப்படி மேடம்! பேரைப் போட்டுடறேன்."

"கொடு, நான் போடறேன்."

தரையிறக்கியவர் என்ற கட்டத்தில் அவள் எழுதினாள்: 'விமானிகள் இருவரும் இல்லை.' கீழே குறிப்புக்கான இடத்தில், கடந்த பத்துப் பயணங்களின் தேதிகளையும் ஒவ்வொன்றிலும் நடந்ததையும் எழுதினாள். பத்து வருஷமாகத் தன் பெயரில் பதிவான ஒரு தரையிறக்கத்துக்கும் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றும், உண்மையான பதிவை விமானிகளுக்குக் காட்டவேண்டும் என்றும் எழுதினாள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

தன்வந்த் அதைப் படித்துவிட்டு வெளிறிப்போனான். "மேடம், இதை அனுப்பினா நாளைக்கு நீங்க ஓட்ட முடியாது."

"தெரியும்."

"நானும் முடியாது. யாருமே."

"தெரியும் தன்வந்த். நாளைக்கு பெரியப்பா படுத்துட்டா, ஓட்டத் தெரிஞ்சவங்க யாரு இருக்கோம், சொல்லு?"

அவன் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வழக்கப்படி அவள் வெளியே வந்து வாசலில் நின்று பயணிகளுக்கு வணக்கம் சொன்னாள். பன்னிரண்டாம் வரிசை வந்தது. ஸ்டெல்லாவின் முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா! அன்னைக்கு மாதிரியே காத்து! நீங்க இருக்கீங்கன்னுதான் நான் பயப்படவே இல்ல." குழந்தையை முன்னால் தள்ளினாள். "பாப்பா, இவங்கதான். உன் பேருக்குச் சொந்தக்காரங்க."

குழந்தை அவளுடைய தொப்பியை அண்ணாந்து பார்த்தது. "நீங்கதான் பிளேன இறக்கிவிட்டீங்களா?"

அருள்விழி குனிந்து குழந்தையின் உயரத்துக்கு வந்தாள். பொய் சொல்வது ரொம்பச் சுலபமாக இருந்திருக்கும். பத்து வருஷமாகச் சொன்னதுதானே. ஸ்டெல்லா சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தாள். பின்னால் பைகளோடு நின்றவர்கள் நெருக்கினார்கள்.

"இல்ல பாப்பா," என்றாள். "அன்னிக்கும் நான் இல்ல. நான் இப்பத்தான் கத்துக்கறேன்."

ஸ்டெல்லாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. குழந்தை மட்டும் விடவில்லை.

"அப்ப இறக்கினது யாரு?"

"அதைத்தான் இப்போ எழுதிக் கேட்டுட்டு வந்தேன்," என்றாள் அருள்விழி.